லடாக் எல்லையில் ராணுவம் பார்த்த ஒளிகள் உண்மையிலேயே கோள்கள்தானா?

கேள்வி இதுதான்: 2012-ல் லடாக்கில் சீன எல்லையோரம் நம் ராணுவத்தினர் நூற்றுக்கணக்கான முறை ஒளிரும் பொருள்களைப் பார்த்தார்கள். விசாரித்துவிட்டு, வெள்ளியும் வியாழனும்தான் என்று கதையை முடித்துவிட்டார்கள். பயிற்சி பெற்ற வீரர்களுக்குக் கோள் எது, ட்ரோன் எது என்று தெரியாதா? எதையாவது மூடி மறைக்கிறார்களா?

சுருக்கமாகச் சொன்னால், அவை கோள்கள்தான். இதற்காக ராணுவத்தையோ விஞ்ஞானிகளையோ என்னையோ நம்ப வேண்டியதில்லை. அன்றைய வானத்தை இன்று நீங்களே கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். அதைக் காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் செய்தியை வைத்து அந்த வீரர்களைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் பார்த்ததும், பார்த்ததைப் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பியதும் முறையான வேலை. சிக்கல் வந்தது அதற்குப் பிறகுதான்.

நடந்ததை முதலில் பார்ப்போம். இடம் கிழக்கு லடாக்கில் உள்ள பாங்காங் ஏரிப் பகுதி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,200 மீட்டர். ஏரி மேற்கிலிருந்து கிழக்காக 130 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது; மேற்கு முனை நம் வசம், மீதிப் பெரும்பகுதி சீனாவின் வசம். ராணுவத்தின் 14-வது கோர் படையினரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் அங்கே இரவும் பகலும் காவல் இருக்கிறார்கள். மஞ்சள் நிற ஒளி ஒன்று சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து எழுகிறது, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை மெல்ல நகர்கிறது, பிறகு மறைந்துவிடுகிறது என்று அவர்களிடமிருந்து அறிக்கை மேல் அறிக்கை வந்தது. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை இப்படி 329 பதிவுகள். அவற்றில் 155 முறை அந்த ஒளி அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் குறிக்கப்பட்டது.

ராணுவம் சும்மா இருக்கவில்லை. ஏரிக்கு அருகே ஒரு மலை உச்சிக்கு நடமாடும் ரேடாரையும், ரேடியோ அலைகளைப் பிடித்து அலசும் கருவியையும் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணுக்கு ஒளி பளிச்சென்று தெரிந்தது. ரேடாரில் ஒன்றும் விழவில்லை, ரேடியோ சமிக்ஞையும் இல்லை. ஒரு ட்ரோனை அதை நோக்கி அனுப்பினார்கள். அது ஏறக்கூடிய உச்ச உயரம் வரை ஏறியும் பொருளை நெருங்க முடியவில்லை. டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு), என்.டி.ஆர்.ஓ. (தொழில்நுட்ப உளவு அமைப்பு) ஆகியவற்றையும் கேட்டார்கள். இதெல்லாம் 2012 நவம்பரில் பத்திரிகைகளில் வந்துவிட்டது. கடைசியில் விஷயம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போனது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும், ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கிகளையும் நடத்துகிற அதே நிறுவனம்தான். லடாக்கிலேயே ஹான்லே என்ற ஊரில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியும் அவர்களுடையது. அவர்கள் சொன்ன முடிவு 2013 ஜூலையில் வெளியே வந்தது: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி.

இப்போது நாமே சரிபார்ப்போம். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வானியல் செயலி ஒன்றைத் திறந்து, இடத்தை வடக்கு 33.7 பாகை, கிழக்கு 78.5 பாகை என்று வையுங்கள். தேதி 2012 நவம்பர் 20. இந்திய நேரம் மாலை 6 மணி. கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி, சமதளத் தொடுவானத்தில், வியாழன் அப்போதுதான் தலையெடுக்கிறது. அதற்கு முன் மலை இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மலை முகட்டிலிருந்து கிளம்பும். நேரத்தை அடுத்த நாள் விடிகாலைக்கு நகர்த்துங்கள். நாலரை மணிக்குக் கொஞ்சம் முன்னதாகக் கிழக்கே வெள்ளி எழுகிறது. சூரியன் வந்ததும் ஒளியில் கரைந்துவிடுகிறது. எழுந்ததிலிருந்து மறையும் வரை இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில் அது சூரியனுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக எழுந்தது. அறிக்கைகளில் வந்த "சீனப் பக்கத்திலிருந்து எழுந்து, சில மணி நேரம் நகர்ந்து, மறைகிறது" என்ற வர்ணனையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தக் குளிர்காலத்து வானம் இவ்விரண்டு கோள்களுக்கும் அசாதாரணமாக வாய்த்திருந்தது. 2012 டிசம்பர் 3 அன்று, பூமியிலிருந்து பார்த்தால், வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அதாவது சூரியன் விழும்போது எழுந்து, இரவு முழுக்க வானில் நின்று, விடியும்போது சாயும். அதன் பிரகாசம் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. வானிலேயே பிரகாசமான விண்மீனான சிரியஸைவிட மூன்று மடங்கு அளவுக்கு ஒளி. வெள்ளி அதையும் விஞ்சியது. அந்த ஆண்டு மார்கழி பிறந்த நாட்களில் கிழக்கே வெள்ளி எழும் நேரம், மேற்கே வியாழன் விழும் நேரம். இரவின் இரு முனைகளிலும் இரண்டு பெரிய விளக்குகள். காவலில் நிற்பவர் எந்த முறைக் காவலில் இருந்தாலும் ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் போகாது.

இன்னொரு விவரம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 4 நிமிடம் முன்னதாக எழும். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றி வருவதால் விளையும் வேறுபாடு அது. மாதத்துக்கு 2 மணி நேரம் ஆகிவிடும். செப்டம்பர் கடைசியில் பாங்காங்கில் வியாழன் எழுந்தது இரவு 10 மணிவாக்கில். நவம்பர் இருபதாம் தேதிவாக்கில் அதே வியாழன் மாலை 6 மணிக்கே வந்துவிட்டது. பின்னணி தெரியாதவருக்கு இது எப்படித் தோன்றும்? எதிரி தன் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளுகிறான் என்றுதான் தோன்றும். பின்னணி தெரிந்தவருக்கு அந்த 4 நிமிடமே கையெழுத்து. எந்த விமானமும், எந்த ட்ரோனும், எந்தப் பலூனும் நாள் தவறாமல் 4 நிமிடம் முன்னதாக, அதே மலை முகட்டிலிருந்து கிளம்பாது. ஒரு வாரத்து நேரக் குறிப்பு ஒழுங்காக இருந்தால், வானியல் தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்.

155 முறை எல்லை தாண்டியது என்ற கணக்கும் இப்படித்தான் புரிகிறது. அங்கே எல்லை நமக்குக் கிழக்கே இருக்கிறது. கிழக்கே எழும் ஒவ்வொரு வானப்பொருளும் சீனப் பக்கத்தில் தோன்றி, தலைக்கு மேல் வந்து, நம் பக்கம் சாயும். எல்லை தாண்டாத விண்மீனே அங்கே கிடையாது. வியாழன் அன்று கிட்டத்தட்ட உச்சி வரை ஏறியது. காவலர் கண்ணுக்கு அது நேராகத் தம் தலைக்கு மேல் வந்து நின்றிருக்கும்.

ரேடார் விஷயத்துக்கு வருவோம். ரேடாரில் படவில்லை என்றதும், அந்தப் பொருள் உலோகத்தால் ஆனதல்ல போலிருக்கிறது என்று செய்திகளில் விளக்கம் வந்தது. மர்மம் வளர்ந்ததே அந்த ஒரு வரியால்தான். கண்ணுக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிகிற ஒன்று ரேடாரில் அறவே விழவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எதனால் ஆனது" என்பதல்ல, "எவ்வளவு தூரத்தில் இருக்கிறது" என்பது. டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் நம்மிடமிருந்து சுமார் 60 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஒரு நடமாடும் ரேடாரின் எல்லை சில நூறு கிலோமீட்டர். ட்ரோன் எவ்வளவு ஏறியும் பொருள் கிட்டே வரவில்லை என்பதும் அதே விடையைத்தான் சொன்னது. ரேடார், ரேடியோ, ட்ரோன் என்று மூன்று சோதனைகளும் ஒழுங்காக நடந்து, மூன்றும் ஒரே விடையைக் கொடுத்தும், கேட்ட கேள்வி வேறாக இருந்ததால் விடை பிடிபடாமல் போய்விட்டது.

"கோளைப் பார்த்தால் தெரியாதா" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் நகரத்து வானத்தை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ தொடுவானத்துக்கு அருகே ஒரு கோளைப் பார்ப்பது கடினம். தூசி, ஈரம், தெருவிளக்கு எல்லாம் சேர்ந்து விழுங்கிவிடும். அது கொஞ்சம் மேலே ஏறி மங்கலாகத் தெரியும்போதுதான் நாம் பார்க்கிறோம். 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். காற்றில் ஈரமும் தூசியும் மிகக் குறைவு. மலை விளிம்பைத் தாண்டும் அந்தக் கணத்திலேயே கோள் முழுப் பிரகாசத்தோடு வெளிப்படுகிறது. ஒரு கணம் முன் ஒன்றுமில்லை. மறுகணம் முகட்டின் மேல் விளக்கு ஏற்றியது போல ஒளி. நிலவில்லாத, மின்விளக்கில்லாத இடத்தில் வெள்ளியின் வெளிச்சத்தில் மங்கலான நிழல் கூட விழும். கீழ்நாட்டிலிருந்து பணி மாறுதலில் அங்கே போன ஒருவர், பிறந்ததிலிருந்து பார்த்த வெள்ளியையே அங்கே அடையாளம் தெரியாமல் பார்ப்பதில் வியப்பில்லை.

கண்ணும் நம்மை ஏமாற்றும். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவே ஒற்றை ஒளிப்புள்ளி. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அது இடமும் வலமும் அசைவது போலத் தோன்றத் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாததால் கண்ணின் சிறு அசைவுகளைக்கூட மூளை ஒளியின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரவில் அணிவகுத்துப் பறந்த விமானிகள் முன்னே போகும் விமானத்தின் வால்விளக்கையே பார்த்துக்கொண்டு தடுமாறியதால், அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் இதைத் தனியாகவே ஆராய்ந்தார்கள். பல ஆண்டுப் பயிற்சி பெற்ற விமானியின் கண்ணுக்கும் இது நேரும். பயிற்சியால் கண்ணின் அமைப்பை மாற்ற முடியாது. இதோடு தொடுவானக் காற்றின் கலக்கம் சேர்ந்தால், கோளின் ஒளி சிவப்பும் பச்சையுமாக வெட்டி வெட்டித் தெரியும். விமானத்தின் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்துப் பழகியவருக்கு அது எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பில் போகும்போது பின்தொடர்கிறது, நின்றால் நிற்கிறது என்பதும் அப்படித்தான்: பேருந்து ஜன்னலில் நிலா நம் கூடவே வருமே, அதே கதை.

எல்லாவற்றையும் விடப் பெரியது சூழல். பாங்காங் சாதாரண இடமல்ல. எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதிலேயே இரு நாடுகளுக்கும் ஒத்த கருத்து இல்லாத பகுதி. 2013 ஏப்ரலில் லடாக்கின் தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரமடித்து மூன்று வாரம் நகராமல் உட்கார்ந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில், வானில் புதிதாக ஒரு ஒளியைப் பார்க்கும் காவலர் அதை உளவு ட்ரோன் என்று முதலில் எண்ணுவதுதான் அவர் கடமை. "கோளாக இருக்கும்" என்று விட்டுவிட்டுப் போகிறவரை நான் எல்லையில் நிறுத்த மாட்டேன்.

நேர்மையாகப் பேசினால், இந்த வழக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. மறைப்பு என்று சந்தேகப்படுபவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 2012 நவம்பரில் வந்த செய்தியில், ஹான்லே ஆய்வகத்திலிருந்து ஒரு குழு செப்டம்பர் இறுதியில் மூன்று நாள் வந்து பார்த்ததாகவும், அவை வானப்பொருள்கள் அல்ல என்றும் கோள்கள் அல்ல என்றும் அக்குழு சொன்னதாகவும் ராணுவ அதிகாரிகளை மேற்கோள் காட்டி எழுதியிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து அதே நிறுவனத்தின் பெயரில் கோள்கள் என்று முடிவு. ஒன்றுக்கொன்று நேர் முரண். நான் எதை ஏற்கிறேன், ஏன் என்று சொல்கிறேன். முதல் செய்தி, விஞ்ஞானிகள் சொன்னதாக அதிகாரிகள் சொன்னதைப் பத்திரிகை சொன்னது. அதில் நேரமும் இல்லை, திசையும் இல்லை. இரண்டாவது முடிவு, எவரும் திரும்பக் கணக்கிட்டுச் சரிபார்க்கக் கூடியது. மேலே நாம் செய்தது அதைத்தான். வியாழனும் வெள்ளியும் அந்த நாட்களில் அந்த மலைகளுக்கு மேல் இருந்தன என்பதில் இரண்டு பேச்சு இல்லை. வீரர்கள் பார்த்தது வேறு ஏதோ என்றால், கிழக்கே எழுந்த மர்ம ஒளிக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பிரகாசமான கோளும் தெரிந்திருக்க வேண்டும். "இரண்டு ஒளிகள் அருகருகே" என்றல்லவா அறிக்கை வந்திருக்கும்?

இது நம் ராணுவத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதைவிடப் பல மடங்கு அபாயகரமான ஒன்று 1960 அக்டோபர் 5 அன்று நடந்தது. சோவியத் ஏவுகணைகளை முன்கூட்டியே கண்டறிய கிரீன்லாந்தின் தூலே தளத்தில் அமெரிக்கா மாபெரும் ரேடார்களை நிறுவி, அவை இயங்கத் தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. திடீரென்று, ஏவுகணைகள் திரளாக வருகின்றன என்று எச்சரிக்கை கொலராடோவில் உள்ள வட அமெரிக்க வான் பாதுகாப்புத் தலைமையகத்துக்குப் போனது. பொறுப்பில் இருந்த துணைத் தளபதி கனடாக்காரரான ராய் ஸ்லெமன். குருஷ்சேவ் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்டார். நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்தில் என்று பதில் வந்தது. தன் தலைவர் நியூயார்க்கில் இருக்கும்போது அவர்கள் ஏவுகணை வீசுவார்களா? பிறகுதான் தெரிந்தது, ரேடார் பார்த்தது நார்வே பக்கமாக எழுந்துகொண்டிருந்த நிலா. ரேடார் அலை நிலாவில் பட்டுத் திரும்ப இரண்டரை வினாடி ஆகும். அவ்வளவு தூரத்திலிருந்து எதிரொலி வரக்கூடும் என்று அந்தக் கணினிக்குச் சொல்லி வைக்கப்படவில்லை. அதனால் பழைய அலையின் எதிரொலியைப் புதிய அலையின் எதிரொலியாக எடுத்துக்கொண்டு, பொருள் அருகில் இருப்பதாகக் கணக்குப் போட்டது. லடாக்கில் ரேடார் எதையும் காட்டாமல் குழப்பியது. தூலேயில் அளவுக்கு மீறிப் பார்த்துக் குழப்பியது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "அது வெள்ளிதான்" என்று அவசரப்பட்டுச் சொல்லி ராணுவம் மாட்டிக்கொண்ட வழக்கு. 1948 ஜனவரி 7, அமெரிக்காவின் கென்டக்கி. கேப்டன் தாமஸ் மாண்டெல் என்ற 25 வயது விமானி, பட்டப்பகலில் வானில் தெரிந்த பெரிய பளபளப்பான பொருளை முஸ்டாங் போர் விமானத்தில் துரத்தி மேலே ஏறினார். ஆக்சிஜன் கருவி இல்லை. உயரம் போகப் போக நினைவு தப்பி, விமானம் விழுந்து இறந்தார். விசாரித்த விமானப்படை, அவர் துரத்தியது வெள்ளி என்றது. அந்தத் திசையில் வெள்ளி இருந்தது உண்மை. ஆனால் அது அப்போது தன் உச்சப் பிரகாசத்தில் இல்லை. மூட்டமான பகல் வானில் தரையிலிருந்து பலர் கண்ணுக்கும் பெரிய உருவமாகத் தெரிந்தது என்பதற்கு அது பொருந்தவில்லை. சில ஆண்டுகள் கழித்து வழக்கைத் திரும்பப் புரட்டியபோது, ஸ்கைஹூக் என்ற கடற்படையின் ரகசிய பலூன் என்பதுதான் பொருத்தமான விடை என்று ஆனது. சுமார் 30 மீட்டர் அகலம், மிக உயரத்தில் மிதப்பது, வெயிலில் வெள்ளி உலோகம் போலப் பளபளக்கும். அதைப் பற்றி விமானிக்கும் தெரியாது, முதலில் விசாரித்தவர்களுக்கும் தெரியாது.

இந்த வழக்கு செய்த கேடு நெடுங்காலம் நீடித்தது. அதன் பிறகு விமானப்படை எந்த வழக்கில் வெள்ளி என்று சொன்னாலும், சரியாகவே சொன்னாலும், மக்கள் நம்ப மறுத்தார்கள். விமானப்படைக்கு வானியல் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனெக், பொதுவான சாட்சியங்களைக் கோள், விண்மீன் என்று பிரித்துக் கொடுப்பதில் தொடங்கியவர், பிற்காலத்தில் அந்த விசாரணைகளின் அவசரத்தைக் கடுமையாகவே விமர்சித்தார். அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களை விசாரிக்க விமானப்படை நடத்திய, அவரும் வேலை செய்த ப்ளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்தவை 12,618 பதிவுகள்; 701 விளக்கப்படாமல் நின்றன. அந்த 701-ஐ வேற்றுக்கிரகவாசிகளின் கணக்கில் எழுதுவது எவ்வளவு தவறோ, மீதி எல்லாவற்றையும் சோதித்து முடித்த விடைகளாகக் கொள்வதும் அவ்வளவு தவறு. திசை, உயரம், நேரம் மூன்றும் பொருந்திய பிறகு வெள்ளி என்று சொல்வது ஒன்று. வேறு விடை தெரியவில்லை, வெள்ளியும் அந்தப் பக்கம்தான் இருந்தது என்று சொல்வது வேறு. லடாக் முதல் வகை, மாண்டெல் இரண்டாம் வகை.

கருவிகள் நவீனமாகிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. 2019 ஜூலையில் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கடலில் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இரவுப் பார்வைக் கருவி வழியாக எடுத்த காணொளியில் பச்சை நிற முக்கோணங்கள் மிதந்தன. 2022 மே மாதம் நாடாளுமன்ற விசாரணையில் கடற்படைப் புலனாய்வுத் துணை இயக்குநர் ஸ்காட் பிரே, முக்கோண வடிவம் கேமராவும் கருவியும் சேர்ந்து உண்டாக்கியது, பொருள்கள் ட்ரோன்கள் என்றார். வடிவம் பற்றிய பாதி சரி. ஆனால் காணொளிகளை அலசும் மிக் வெஸ்ட், அந்த முக்கோணங்களில் சிலவற்றின் அமைப்பு அன்றிரவு அந்தத் திசையில் இருந்த வியாழனோடும் அதன் அருகிலுள்ள விண்மீன்களோடும் பொருந்துவதைக் காட்டினார். குவியம் தப்பினால் எந்த ஒளிப்புள்ளியும் லென்ஸ் துளையின் வடிவத்தில் விரிந்து தெரியும். துளை முக்கோணமாக இருந்தால் வியாழனும் முக்கோணம்தான்.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மர்ம ட்ரோன் பீதி கிளம்பியதே, நினைவிருக்கிறதா? மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தம் வீட்டுக்கு மேல் ட்ரோன்கள் என்று காணொளி போட்டார். அதில் இருந்தது ஓரியன் விண்மீன் கூட்டம். பாதுகாப்புத் துறையும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலும், சட்டப்படி பறந்த ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்களோடு விண்மீன்களையும் ட்ரோன் என்று தவறாகப் புகாரளித்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அதில் சுவையாகப் பட்டது வேறு. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு. 2012 டிசம்பரில் ரிஷப ராசியில் நின்று லடாக்கைக் கலக்கிய வியாழன், சரியாக ஒரு சுற்று முடித்து 2024 டிசம்பரிலும் அதே ரிஷபத்தில், அதே முழுப் பிரகாசத்தோடு, அதே போல மாலையில் கிழக்கே எழுந்துகொண்டிருந்தது. 2036 டிசம்பர்வாக்கில் திரும்பவும் அங்கே வரும். அப்போது எந்த நாட்டில் என்ன செய்தி வரும் என்று பார்க்கலாம்.

மறைக்கிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். லடாக் வழக்கில் மறைக்க வேண்டியது என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். உண்மையில் சீன ட்ரோன்கள் 155 முறை எல்லை தாண்டியிருந்தால், அதை வெளியே சொல்லிக் கண்டிப்பதுதான் டெல்லிக்கு லாபம். கோள்களைத் துரத்தினோம் என்று ஒப்புக்கொள்வதில் ராணுவத்துக்கு எந்தப் பெருமையும் கிடையாது. தனக்குச் சங்கடம் தரும் விடையை ஒரு அமைப்பு ஏற்றுக்கொள்கிறது என்றால் நான் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

அதே சமயம், 329 பதிவுகளும் ஒன்று விடாமல் கோள்கள்தான் என்று சாதிக்க மாட்டேன். எல்லையில் ட்ரோன்கள் பறப்பது நிஜம். சில பதிவுகள் விமானமாகவோ செயற்கைக்கோளாகவோ ட்ரோனாகவோ இருந்திருக்கலாம். வேறுபடுத்துவது கடினமல்ல. செயற்கைக்கோள் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். விமான விளக்குகள் சிமிட்டும். உளவு பார்க்க வரும் ட்ரோன் விளக்கை ஏற்றிக்கொண்டு வராது, வந்தாலும் நாள்தோறும் ஒரே முகட்டில் தொடங்கி மணிக்கு 15 பாகை என்ற ஒரே வேகத்தில் விண்மீன்களோடு சேர்ந்து நகராது.

நீங்களே இப்படி ஒன்றைப் பார்த்தால், முதலில் கைபேசியில் படம் எடுக்க ஓடாதீர்கள். குவியம் தப்பி ஒரு வட்டத் தட்டு பதிவாகும், அது எதற்கும் உதவாது. மணியைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு கம்பத்தின் விளிம்போடு அந்த ஒளியை ஒட்டி வைத்துப் பாருங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தொடுவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று திரும்பப் பாருங்கள். வானப்பொருளாக இருந்தால் அதிகபட்சம் 4 பாகை, அரை முஷ்டிக்கும் குறைவாகத்தான் நகர்ந்திருக்கும். மறுநாள் 4 நிமிடம் முன்னதாகவே அதே இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஒளி அதே கம்பத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டோ அதற்கு மிக அருகிலோ நின்றால், எந்தக் கோள், எந்த விண்மீன் என்பதை மட்டும் செயலியில் பார்த்தால் போதும். இல்லாவிட்டால் இந்த எண்களோடு காவலூருக்கோ பெங்களூருக்கோ எழுதுங்கள். இவ்வளவு விவரம் கையில் இருந்தால் அவர்களால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.